அத்தானின் மூன்றாவது கை

இந்த உலகத்தில் அழுக்குப் போர்வையை முறைப்படி உதறத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அத்தான். இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை.

இது அத்தானே சொன்னது. சலவைக்கடை வாசலில் நின்று, எதிர்வரிசை மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. மறுக்க நினைத்திருக்கலாம். அதற்குள் அடுத்த போர்வை விரிந்துவிட்டதால் ஓடிப்போய்த் தன் கடைக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். கீழே கடை, மாடியில் வீடு. கல்லூரி பக்கத்தில் இருந்ததால் நான் அவர்களோடு தங்கிப் படித்தேன். சாயங்காலங்களில் கடையில் துணி மடித்தேன். இரண்டையும் ஒரே அளவு அக்கறையோடுதான் செய்தேன் என்பதற்கு என் மதிப்பெண்களும் அத்தானின் வசவுகளும் சாட்சி.

கடைக்கு வரும் துணியில் பாதி கல்லூரி விடுதியுடையது. மீதி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாட்ஜுடையது. விடுதிப் பையன்கள் போர்வைக்குள் தூங்க மட்டும் செய்வதில்லை, குடும்பமே நடத்துகிறார்கள். அத்தான் ஒரு உதறு உதறினால் பேனா விழும், இயர்போன் விழும், பாதி ரொட்டி விழும். லாட்ஜ் போர்வையிலிருந்து ஒருமுறை முழு பல்செட் ஒன்று விழுந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. விழுவதையெல்லாம் அத்தான் கவுன்டர் மேல் இருக்கும் கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பார். பல்செட்டின் சொந்தக்காரர் மட்டும் கடைசிவரை வரவில்லை. வந்து கேட்க வாய் வேண்டுமே என்றார் அத்தான்.

சாதாரணச் சலவைக்காரர்கள் பெரிய போர்வையை உதற இரண்டு பேர் வேண்டும். அத்தானுக்கு ஒருவர் போதும். இரண்டு முனைகளை இரண்டு கையில் பிடிப்பார். நடு விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார். பிறகு தலையை ஒரு வெட்டு வெட்டி, கைகளை மேலிருந்து கீழே இறக்குவார். பட்டாசு வெடித்த மாதிரி 'டப்'பென்று ஒரு சத்தம். தெருக்கோடியில் தூங்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். பல்லுக்கு அவர் வைத்த பெயர் 'மூணாவது கை'. கடவுள் மனிதனுக்கு இரண்டு கை கொடுத்தது கணக்குத் தப்பு என்றும், அதைத் தான் சரிசெய்துவிட்டதாகவும் அவர் நம்பினார்.

அக்கா கவுன்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். இரண்டு முறை கைக்கு வராமல் போய் மூன்றாவதாகத் தங்கிய கரு. அதைப்பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் அவள் படி ஏறும்போதெல்லாம் அத்தான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அவள் மேலே போய்ச் சேரும் சத்தம் கேட்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கையில் ஊரில் குரங்கம்மை வந்தது.

முதலில் செய்தியில் வந்தது. பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுபவர். உட்காரச் சொன்னால், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று நின்றபடியே பேசுபவர். சலவைக்கடை, சலூன், உடற்பயிற்சிக்கூடம் என்று துணியும் தோலும் புழங்கும் இடங்களுக்கெல்லாம் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கொப்புளம் வந்தவரைத் தொடுவதால் இது ஒட்டும், அவர் படுத்த துணியாலும் ஒட்டலாம். அதனால் சந்தேகத்துக்குரிய துணியை உதறக் கூடாது, கையுறை போட்டு, முகக்கவசம் போட்டு, அழுக்கு உள்பக்கம் போகிற மாதிரி சுருட்டி, நேரே இயந்திரத்தில் போட்டு, சோப்போடு சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும் என்றார். இதே செய்தியைப் படம் போட்டு விளக்கும் ஒரு போஸ்டரையும் நீட்டினார்.

"எங்க கடைக்குக் குரங்கு எதுவும் துணி போடறதில்லயே மேடம்," என்றார் அத்தான்.

"மனுஷங்க போடறாங்கல்ல, அதுதான் கவலை."

"நான் உதறுற உதறுல கிருமி பக்கத்து ஊர்ல போய் விழும்."

"பக்கத்து ஊருக்கும் நான்தாங்க நர்ஸ்," என்றார் அவர். பிறகு கவுன்டரில் இருந்த போர்வையை எடுத்து அப்படியே மெதுவாக உள்பக்கம் மடித்துக் காட்டினார். "தூங்குற குழந்தையத் தூக்குற மாதிரி தூக்குங்க. உலுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அத்தான் ஒரு லாட்ஜ் போர்வையைக் கையில் ஏந்திக்கொண்டார். அதன் நெற்றியைத் தடவினார். கண்ணே, மணியே, உன்னை அழுக்காக்கினது யாரு, அடிச்சது யாரு என்று ஆராரோ பாடிக்கொண்டே கடையைச் சுற்றி வந்தார். துணி வாங்க வந்திருந்த இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் படி இறங்கி வந்து பார்த்தார். நான் கைதட்டினேன், நகைச்சுவைக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன். கடைசியில் அத்தான் அந்தக் குழந்தையைப் பல்லால் கவ்வி வாசலில் வைத்து ஒரே உதறாக உதறினார். ஒரு செருப்பு விழுந்தது.

"நம்ம பிள்ளை வந்தப்புறமும் இதே மாதிரிதான் தூக்கப்போறீங்களா?" என்றாள் அக்கா, கவுன்டரிலிருந்து.

போஸ்டர் இஸ்திரி மேசைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மரியாதையான இடத்தில் மாட்டப்பட்டது. நர்ஸுக்கும் ஒரு பெயர் கிடைத்தது: கொப்புள அக்கா.

விடுதியில் ஒட்டடைக்குச்சி என்று ஒருவன் இருந்தான். என் வகுப்பு. அவன் உயரத்துக்கும் உடம்புக்கும் வேறு பெயர் வைக்க முடியாது. கடைக்கு வரும்போதெல்லாம் அக்கா, 'இன்னும் வளரப்போறியா, சொல்லு, கூரையத் தூக்கிக் கட்டணும்' என்பாள். அவன் வெட்கப்பட்டுக் குனிவான்; குனிந்தாலும் எங்களைவிட உயரமாகத்தான் இருப்பான்.

அவன் ஒரு மத்தியான வேளையில் துணி மூட்டையோடு வந்தான். நான் கல்லூரியில் இருந்தேன். அக்கா மாடியில் படுத்திருந்தாள். மத்தியானம் படுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சலாக இருக்கிறது அண்ணே, போர்வையெல்லாம் ஒரே வேர்வை என்று வாசலிலேயே மூட்டையை வைத்துவிட்டு அவன் தள்ளாடிக்கொண்டே போனானாம். அத்தான் பரிதாபப்பட்டார். பரிதாபப்பட்டவர், இரக்கத்தின் அடையாளமாக அவன் போர்வையைத் தானே முதலில் எடுத்தார். இரண்டு கை, மூன்றாவது கை, ஒரு வெட்டு. ஒரு சீப்பு விழுந்தது. அதை ஜாடியில் போட்டார். முகத்தைத் துடைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. கையில் இருந்தது போர்வைதான்.

இதற்கடுத்த நாள் கடைத் தொலைபேசி ஒலித்தது. அத்தானின் இரண்டு கையிலும் சோப்பு. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன்.

கொப்புள அக்காதான். குரல் ஹெல்மெட் இல்லாமல் வித்தியாசமாக இருந்தது. உங்கள் கடைக்கு வந்த துணியில் ஒன்று குரங்கம்மை உறுதியான ஒருவருடையது என்றார். அதை உதறினீர்களா என்று கேட்டார்.

"உதறினேன்," என்றார் அத்தான்.

"எப்படி உதறினீங்க?"

இத்தனை வருஷத்தில் அத்தானின் கலையைப்பற்றி அக்கறையோடு கேள்வி கேட்ட முதல் மனுஷி அவர். அத்தான் கவுன்டரில் இருந்த அக்காவைப் பார்த்தார். இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பல்லால கவ்வி உதறினார் மேடம்," என்றாள் அக்கா. "எப்பவும் அப்படித்தான்."

பேசினது யார் என்று கேட்டார் கொப்புள அக்கா. அக்கா, அவர் வீட்டம்மா என்றாள். மாசமாக இருந்தீர்களே, நான் வந்தபோது பார்த்தேனே என்றார் அவர். ஏழு முடியப்போகிறது என்றாள் அக்கா. அந்தப் போர்வையைத் தொட்டீர்களா? இல்லை. அது உதறப்படும்போது கீழே இருந்தீர்களா? இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். 'நல்லாத் தூங்கினீங்க' என்றார் கொப்புள அக்கா. ஒருவர் தூங்கியதற்காக இவ்வளவு மனமாரப் பாராட்டப்பட்டதை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் நடைமுறை வேறு.

அப்புறம் அவர் சொன்னதில் மிரட்டல் எதுவும் இல்லை. அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். காலத்தோடு தெரிந்ததால் தடுப்பூசி போட்டுக்கொள்ள இன்றைக்கே வாருங்கள். மூன்று வாரம் கவனிக்க வேண்டும். அதுவரை வீட்டம்மாவோடு ஒரே படுக்கை, ஒரே துண்டு, ஒரே தட்டு வேண்டாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போனால் அது வேறு கதை. அதை வரவிடாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

அத்தான் சோப்புக் கையைத் துண்டில் துடைக்கப் போனார். யாருடைய துண்டு என்று பார்த்தார். கையை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"யாரு மேடம் அது? எங்க கடை பேரச் சொன்னது யாரு?" அவர் குரலில் கோபம் இருந்தது. பயந்த ஆண்களுக்குக் கைவசம் இருக்கும் ஒரே சாமான் அதுதானே.

"பேரு சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். அவரு சொல்லாம விட்டிருந்தா, நீங்க இன்னைக்கும் மாடியில போய் உங்க வீட்டம்மா பக்கத்துலதான் படுத்திருப்பீங்க. யாருன்னு தேடாதீங்க. நன்றின்னு நினைச்சுக்குங்க."

அன்று சாயங்காலமே அத்தான் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்தார். எடுத்துக்கொண்டார். கடையின் பின்பக்கம், விடுதி மூட்டைகள் அடுக்கும் மரப்பலகையில் பாயை விரித்தார். உலகத்தின் தலைசிறந்த உதறல் நிபுணர் பாயை உதறாமல் விரித்ததை நான் கவனித்தேன். அதைக் கேலி செய்யும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அன்றிலிருந்து நான் தூதுவன். ஒரே கட்டடத்தில் ஒரு கூரைத் தளம் மட்டும் இடையில் இருக்க, கணவனும் மனைவியும் என் வழியாகக் குடும்பம் நடத்தினார்கள். தட்டை நான் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பேன். உப்பு குறைவு என்று அத்தான் சொல்லியனுப்புவார். நாக்கு இன்னும் போர்வையில் இருக்கிறதா என்று அக்கா சொல்லியனுப்புவாள். அதை நான் கொஞ்சம் நயம் சேர்த்துச் சொல்வேன். அத்தான் அதற்கு ஒரு பதில் சொல்வார்; பாதிப் படியில் அதன் காரத்தைக் குறைத்துக்கொண்டு போவேன். நாடுகளுக்கிடையே இப்படி ஆள் வைத்தால் போரே வராது. ஆனால் சண்டை தீர்ந்ததும் அத்தான் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார். பிள்ளை இன்னைக்கு அசைஞ்சுதா? அதை மட்டும் நான் நயம் எதுவும் சேர்க்காமல் அப்படியே கொண்டுபோனேன்.

கொப்புள அக்கா தினமும் கூப்பிட்டார். ஒரே மூன்று கேள்விகள், ஒரே ராகம்: காய்ச்சல் இருக்கா, நெறி கட்டியிருக்கா, கொப்புளம் ஏதாவது? ஓட்டல் சர்வர் சொல்வது மாதிரி இருக்கிறது என்று முதல் இரண்டு நாள் அத்தான் சொன்னார். அதற்குப் பிறகு, அழைப்பு வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசி பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் கூப்பிடத் தாமதமானபோது, மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று என்னிடம் கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் தெருவைக் கடந்து வந்தார். வருஷக்கணக்காக எங்கள் தூசியைத் தின்றவர். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் ஒரு பெட்டி கையுறையும் ஒரு தெர்மாமீட்டரும் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். மறுநாள் காலை கடை திறந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து புருவத்தை உயர்த்தினார். அத்தான் கட்டைவிரலை உயர்த்தினார். தினமும் காலையில் இது நடந்தது. இரண்டு கடைகளுக்கு நடுவே இத்தனை வருஷத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் இதுவே நீளமானது.

முதல் வாரம் முடியும்போது எனக்கு ஒட்டடைக்குச்சியிடமிருந்து போன் வந்தது. விடுதியிலிருந்து தள்ளி, தனி அறையில் வைத்திருந்தார்கள். வலி என்றால் இப்படி ஒரு வலி இல்லையாம். விரல் நுனியில், உள்ளங்கையில், சொல்ல முடியாத இடங்களில் எல்லாம் கொப்புளம்.

"நான்தான்டா உங்க கடையச் சொன்னது," என்றான். "யார் யாரோட பழகினேன்னு கேட்டாங்க. ரூம்ல இருக்கிறவனச் சொன்னேன். வேற யாருன்னாங்க. உங்க அத்தான் வாயில கவ்வுவாரே, அது கண்ணு முன்னாடி வந்துச்சு. விட்டுடலாம்னுதான் நினைச்சேன். துணிக்காரர் வரைக்கும் சொல்லிட்டான்னு ஹாஸ்டலே சிரிக்கும். அப்புறம் உங்க அக்கா... கூரையத் தூக்கிக் கட்டணும்பாங்களே. அவங்க இருக்கிற நிலைமை. அதான் சொல்லிட்டேன். உங்க அத்தான் கோவமா இருக்காரா?"

கோபமாக இல்லை, பாத்திரம் கழுவுகிறார் என்றேன். அது உண்மை. தன் தட்டைத் தானே தேய்த்துத் தேய்த்து, தட்டில் இருந்த பூவை அழித்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் அத்தானிடம் சொன்னேன். அவன் சொல்லச் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தான் கேட்டுக்கொண்டார். கையுறை போட்டுக்கொண்டு ஜாடியைத் துழாவி அந்தச் சீப்பை எடுத்தார். கொதிக்கும் தண்ணீரில் போட்டார். ஆறியதும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவைத்து, ஒரு காகிதத்தில் சுற்றித் தனியே வைத்தார். பிறகு ஜாடியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும், பல்செட் உட்பட, அதே மாதிரி கொதிக்கவைத்தார். அந்தப் பல் அவ்வளவு வெள்ளையாக என்றைக்கும் இருந்ததில்லை.

இரண்டாவது வாரத்தில்தான் அது வந்தது. காலை வெளிச்சத்தில் கையுறையைக் கழற்றியபோது அத்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னும் சில. என்னை அருகில் வர வேண்டாம் என்று கையைக் காட்டினார். அன்று கொப்புள அக்கா கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, அவரே கூப்பிட்டார். மூன்று கேள்விக்கும் அவரே வரிசையாகப் பதில் சொன்னார். காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை, கொப்புளம்... என்றபடி மணிக்கட்டைத் தொலைபேசியின் முன் நீட்டினார்.

கொப்புள அக்கா வந்து, மாதிரி எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர மறுநாள் ஆகும். மருந்துக்கடைக்காரர் எதிரிலிருந்து புருவத்தை உயர்த்தினார். அத்தான் கட்டைவிரலை உயர்த்தவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் கடைக்குள் திரும்பிப்போகாமல் அங்கேயே நின்றார்.

சாயங்காலம் அக்கா படியிறங்கி வந்தாள். தூது வேண்டாம் என்று என்னைக் கையமர்த்திவிட்டு, கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே அத்தான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது, ஆனால் கண்ணாடி மெல்லியது. நான் வெளியே படியில் உட்கார்ந்து துணி மடித்தேன். எதை மடித்தேன் என்று தெரியாது.

"போன ரெண்டு தடவையும் என்னால ஒண்ணும் செய்ய முடியல," என்றார் அத்தான். "டாக்டர் யாரோட தப்பும் இல்லன்னாரு. இந்தத் தடவை ஏதாவது ஆச்சுன்னா, அப்படிச் சொல்ல முடியாதும்மா. வாயில கவ்வினது நான்."

அக்கா ஸ்டூலைக் கதவுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஊசி போட்டாச்சு. என்னத் தொடல. சொன்னதெல்லாம் கேட்டீங்க," என்றாள். "கல்யாணமானதுலேர்ந்து நீங்க ஒருத்தர் சொன்னதக் கேட்டு நான் பார்த்ததே இல்ல. அதுக்கே ஏதாவது பலன் இருக்கும்."

அத்தான் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அசையுது," என்றாள் அக்கா. வயிற்றைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்த் திரும்பி உட்கார்ந்தாள். அத்தான் எழுந்து வந்தார். கையை உயர்த்தினார். கண்ணாடியைத் தொடலாமா என்று ஒரு கணம் யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறுமனே பார்த்தார். நான் அந்தத் துணியை மறுபடியும் முதலிலிருந்து மடித்தேன்.

மறுநாள் கொப்புள அக்கா கூப்பிட்டபோது முதல் மணியிலேயே ஸ்பீக்கரைப் போட்டேன். குரங்கம்மை இல்லை என்றார். கையுறைக்குள் வேர்த்து வேர்த்து வந்த வேர்க்குரு. அவ்வப்போது கழற்றிக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடச் சொன்னார். ஆனால் மூன்று வாரக் கணக்கு முடியவில்லை, கவனம் தொடரட்டும் என்றார். அத்தான் சரி, சரி, சரி என்று அவர் சொல்லி முடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். வேர்க்குருவைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். தெருவைப் பார்த்து இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினார். மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து வேர்க்குருப் பவுடர் கொடுத்தார். அவர் தொழில் அவருக்கு.

மூன்று வாரம் முடிந்த அன்று கொப்புள அக்கா நேரிலேயே வந்தார். அத்தானின் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், போய்ப் பிள்ளை குட்டியோடு நன்றாக இருங்கள் என்றார். அத்தான் காலையிலிருந்து நன்றி சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர். மேடம், துறை, பொறுமை, சேவை என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளாகத் தயார் செய்திருந்தார். வாயைத் திறந்ததும், "ரொம்ப நன்றி கொப்புள அக்கா," என்றுதான் வந்தது.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"போன தெருவுல எனக்குக் குரங்கு டீச்சர்னு பேரு," என்றார் அவர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "இது தேவல."

ஸ்கூட்டர் போன பிறகு அத்தான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மாடிப்படியில் ஏறினார். இந்த முறை கீழே நின்று, மேலே போய்ச் சேரும் சத்தம் கேட்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

ஒட்டடைக்குச்சி குணமாகி வர இன்னும் கொஞ்ச நாளானது. பொருக்குகளெல்லாம் உதிர்ந்து, புதுத்தோல் வந்த பிறகுதான் விட்டார்கள். நேராகக் கடைக்கு வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றான். கையில் துணி மூட்டை, உள்பக்கமாகச் சுருட்டி, இரண்டு பை போட்டுக் கட்டியது. தனி அறையிலிருந்து அவன் போனில் சொல்லிக்கொடுத்து விடுதியில் எல்லாரும் அப்படித்தான் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரமும் ஒரு மூட்டைகூடக் குறையாமல் வந்ததன் காரணமும் அவன்தான்.

அத்தான் வெளியே போய் மூட்டையை வாங்கிக்கொண்டார். காகிதத்தில் சுற்றிய சீப்பை நீட்டினார்.

"நான் வாயக் கெட்டியா மூடிக் கவ்வினேன். நீ வாயத் திறந்தே," என்றார். "வாயி இருக்கிறது எதுக்குன்னு எனக்கு இப்பத்தான்டா தெரிஞ்சுது."

அவன் கையை நீட்டத் தயங்கினான். கைகளில் கொப்புளத் தழும்புகள் இன்னும் மங்காமல் இருந்தன. அத்தான் அந்தக் கையைத் தானே எடுத்துப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. ஒட்டடைக்குச்சி கூச்சத்தில் குனிந்தான். கதவருகில் வந்து நின்றிருந்த அக்கா அண்ணாந்து பார்த்து, "படுத்தே கிடந்தியாமே, அதுலயும் வளர்ந்திருக்கே," என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வேலை இருந்ததால் உள்ளே போய்விட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் பிள்ளையும் நலம். டாக்டர் துணியில் சுற்றிக் கொடுத்த அடுத்த கணமே இரண்டு கையையும் காலையும் ஓர் உதறு உதறி, சுற்றிய துணியைத் தரையில் தள்ளினாள். பிறக்காமல் இருந்த அந்த இரண்டாவது நபர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அத்தான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து அந்தத் துணியை எடுத்து, தனியாக வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனார்.

ஊரில் குரங்கம்மை அடங்கிவிட்டது. சலூன்காரர்கள் போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். எங்கள் கடையில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருந்தது, ஈரத்தில் ஊறித் தானாகவே விழுந்துவிட்டது. இனி யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, யாரும் கேட்கப்போவதுமில்லை. லாட்ஜிலிருந்து பெரிய மூட்டை வந்திருந்த ஒரு காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பி, படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் கையுறை போட்டார். மூட்டையை அவிழ்த்தார். மேலே இருந்த போர்வையின் ஓரங்களை நான்கு பக்கமும் உள்ளே மடித்தார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அவசரமில்லாமல் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு பேனாவை எடுத்து ஜாடியில் போட்டார். பிறகு ஒரு கையைத் தலைப்பக்கத்தில் கொடுத்து, ஒரு கையை அடியில் கொடுத்து, உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு இயந்திரத்துக்கு நடந்தார். போர்வைக்குத் தலைப்பக்கம் எது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

எதிர்ப்பக்கத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் கழுத்தை நீட்டினார். "என்னங்க, இப்பல்லாம் சத்தத்தையே காணோம்?"

அத்தான் திரும்பாமலே, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"குழந்தை தூங்குது," என்றார்.

குழந்தை அப்போது மாடியில் தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டுக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் மாடியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். அத்தான் இயந்திரத்தின் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, அடுத்த போர்வையை எடுக்கக் குனிந்தார்.